வேட்டை ரைஃபிளின் தோட்டா அறையை மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருக்கின்றன. கையில் இருக்கும் வேட்டை ரைஃபிளின் தோட்டா அறையை, அதாவது சுடுமுன் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியைக் கடைந்து, அதைவிட வலிமையான தோட்டாவுக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளலாமா என்பதே அந்தப் பொருள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உரிமம் பெற்று ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ராக்கி மலை அடிவாரத்துக்கு வாபிட்டி மான் வேட்டைக்குச் செல்கிறேன். .30-06 ஸ்ப்ரிங்ஃபீல்ட் தோட்டாவுக்கான பழைய ரெமிங்டன் 700 ரைஃபிள் என்னிடம் இருக்கிறது. அதையே .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டால் புதிய ரைஃபிள் வாங்கும் செலவு மிச்சம் என்கிறார் நண்பர் ஒருவர். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதானே, அறையை மட்டும் பெரிதாக்கினால் போதாதா?
— வாசகர், கால்கரி, கனடா

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு பாதி சரி. இரண்டு தோட்டாக்களும் 7.82 மி.மீ. விட்டமுள்ள குண்டையே செலுத்துகின்றன. குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புறச் சுழிவரிகள் இரண்டுக்கும் வழக்கமாகப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில்தான் வெட்டப்படுகின்றன. குண்டு பொருத்திய தோட்டாவின் முழு நீளத்துக்கு வகுக்கப்பட்ட உச்ச அளவும் இரண்டுக்கும் ஒன்றே, ஏறக்குறைய 84.8 மி.மீ. வெடிமருந்தைத் தாங்கும் பித்தளைக் கூட்டை எடுத்துக்கொண்டால், .30-06-இன் கூடு 63 மி.மீ. நீளமும், .300-இன் கூடு 66.5 மி.மீ. நீளமும் கொண்டவை. .300-இன் கூடு அதிகப் பருமனானதும் என்பதால், பழைய அறை ஏறக்குறைய முழுவதும் புதிய அறைக்குள் அடங்கிவிடும். ரீமர் என்னும் கடையும் கருவியைச் செலுத்தினால் பழைய அறையின் சுவடே இல்லாமல் போய்விடுகிறது. 1963-இல் .300 வின்செஸ்டர் மேக்னம் வெளிவந்த பிறகு அமெரிக்காவில் இந்த மாற்றம் பரவலாகச் செய்யப்பட்டதற்கு இதுவே காரணம்.

ஆனால் இது குழலின் கதை மட்டுமே. வெடிப்பின் விசையைத் தாங்கிப் பிடிப்பது, அறையின் பின்வாயை மூடும் போல்ட்டும், அது பூட்டிக்கொள்ளும் உடற்பகுதியான ரிசீவரும். வெடிக்கும்போது கூட்டின் அடிப்பகுதி பின்னோக்கிப் போல்ட்டை உந்துகிறது; அந்த உந்துவிசை, அழுத்தத்தையும் கூட்டின் அடிப்பரப்பையும் பெருக்கினால் வருவது. .30-06 தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்ட்; .300-க்கு 64,000 பவுண்ட். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் வித்தியாசம் ஏழு விழுக்காடுதானே என்று எண்ணிவிடுவார். கூட்டின் அடிவிட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னதற்கு ஏறத்தாழ 11.9 மி.மீ., பின்னதற்கு 13 மி.மீ. பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், போல்ட்டின் மீது விழும் உந்துவிசை நான்கில் ஒரு பங்குக்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. ரெமிங்டன் 700-இன் நீண்ட ரிசீவர் தொழிற்சாலையிலேயே மேக்னம் தோட்டாக்களுக்கும் பயன்படுத்தப்பட்டது என்பதால் உங்கள் ரைஃபிள் இந்த விசையைத் தாங்கும் வகையைச் சேர்ந்ததே. எல்லா ரைஃபிள்களைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது என்பதற்காகவே இந்தக் கணக்கை இங்கே எழுதினேன்.

அடுத்த தடை போல்ட்டின் முகத்தில் இருக்கிறது. .30-06 கூட்டின் விளிம்பு விட்டம் 12 மி.மீ.; மேக்னம் கூட்டின் விளிம்பு விட்டம் 13.5 மி.மீ. அதாவது, கூட்டின் அடி உட்காரும் பள்ளத்தை ஒன்றரை மில்லிமீட்டர் அகலப்படுத்தியாக வேண்டும். மவுசர் 98 போன்ற ரைஃபிள்களில் காலிக்கூட்டை இழுக்கும் நீண்ட கொக்கி போல்ட்டின் வெளிப்புறத்தில் இருப்பதால், அனுபவமுள்ளவர் இதைச் செய்துவிடுவார். ரெமிங்டன் 700-இன் அமைப்பு வேறு. அதன் போல்ட் முகத்தைச் சுற்றி முழு எஃகு வளையம் ஒன்று இருக்கிறது. மெல்லிய இழுப்பான் அந்த வளையத்தின் உட்புறத்தில் பதிந்திருக்கிறது. கூட்டின் அடி வெடித்துக் கசிந்தாலும் வாயு பின்னோக்கி வராமல் அடக்குவதற்காகத்தான் அந்த வளையம் வைக்கப்பட்டது. அதைக் கடைந்து அகலப்படுத்தினால் இழுப்பானுக்கு இடமில்லாமல் போகும். வேறு வகை இழுப்பானைப் பொருத்த வேண்டும், அல்லது மேக்னம் முகமுள்ள வேறு போல்ட்டையே வாங்கி ரிசீவருக்கு இணக்க வேண்டும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் பெட்டியின் மேல்விளிம்புகளும், தோட்டாவை வழிநடத்தும் தண்டவாளங்களும் பருமனான கூட்டுக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும். நான்கு தோட்டா கொண்ட மேகசினில் மூன்றுதான் அடங்கும். இந்த வேலைகளின் கூலியைக் கூட்டிப் பார்த்தால், நண்பர் சொன்ன மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

இனி இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். 11.7 கிராம் எடையுள்ள, அதாவது 180 கிரெய்ன் குண்டைத் தொழிற்சாலைத் தோட்டாவில் .30-06 நொடிக்கு சுமார் 823 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது; .300 சுமார் 902 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. குழல்வாயில் ஆற்றல் 3,950 ஜூலிலிருந்து 4,740 ஜூல் வரை உயர்கிறது. தாளில் இது கணிசமான உயர்வுதான். ஆனால் இரண்டு ரைஃபிள்களையும் 200 கெஜத்தில் குறி சரிசெய்து வைத்துவிட்டு 400 கெஜத்தில் சுட்டால், குண்டு தாழ்வதில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் மட்டுமே. வாபிட்டியின் நெஞ்சுப் பகுதி எவ்வளவு அகலம் என்பது உங்களுக்கே தெரியும். 400 கெஜத்தில் ஒரு விலங்கின் மீது சுடுவதற்குத் தகுதி பெற்ற கை எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். மறுபுறம், தோளில் விழும் உதைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. உதைப்புக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால், அதனால் குறி விலகும் தூரம் அந்தப் பத்து சென்டிமீட்டரை எளிதில் தாண்டிவிடும்.

ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரரின் அனுபவம் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அவர் 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் பெரிய மான் வேட்டைக்குச் சென்றார். அவர் கையில் இருந்தது .300 ஹாலந்து அண்ட் ஹாலந்து மேக்னம்; வலிமையில் எந்தக் குறையும் இல்லாத தோட்டா. சேறு காய்ந்து அப்பியிருந்த மூஸின் உடலில் குண்டுகள் மேற்பரப்பிலேயே சிதறி, உள்ளே போதிய ஆழத்துக்கு இறங்கவில்லை. ஊர் திரும்பிய அவர் இன்னும் பெரிய தோட்டாவைத் தேடிப் போகாமல், குண்டின் நடுவே செப்புக்கலவைத் தடுப்பு ஒன்றை வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி உருக்குலையாமல் ஊடுருவும் குண்டை வடிவமைத்தார். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பார்ட்டிஷன் குண்டு இன்றும் கிடைக்கிறது. உங்கள் .30-06-இல் அத்தகைய தரமான குண்டைப் பொருத்திய தோட்டாவை ஏற்றினால், நியாயமான தூரத்தில் வாபிட்டிக்கு அதுவே தாராளமாகப் போதும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் மேக்னம்தான் வேண்டும் என்றால், பழைய குழலைக் கடையாதீர்கள். மேக்னம் அறையுடன் செய்த புதிய குழலையும் அதற்கேற்ற போல்ட்டையும் நம்பகமான கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி வேலை செய்யும் தொழிலாளியிடம் கொடுத்துப் பொருத்தச் சொல்லுங்கள். பழைய குழல் பத்திரமாக இருக்கும். மனம் மாறினால் திரும்பலாம். கடைந்த குழலுக்கு அந்த வழி இல்லை, வெட்டியெடுத்த எஃகை யாராலும் திரும்ப வைக்க முடியாது. சட்டம் குறித்தும் ஒரு சொல்: 2020 மே மாதத்தில் கனடா அரசு குழல்வாயில் ஆற்றல் 10,000 ஜூலைத் தாண்டும் துப்பாக்கிகளைத் தடை செய்தது. .300 அதில் பாதியைக்கூட எட்டாததால் அந்த வரம்பு உங்களைத் தொடாது.

கேள்வி: ஏலத்தில் மவுசர் 98 வகை வேட்டை ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். குழலின் மேல் .30-06 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த எழுத்துகளின் குறுக்கே கோடு இழுத்தாற்போல ஒரு கீறல் இருக்கிறது. சுட்ட தோட்டாக்கூடுகளின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிகிறது. யாரேனும் அறையை மாற்றியிருப்பார்களோ?
— வாசகர், கிரைஸ்ட்சர்ச், நியூசிலாந்து

பதில்: முதலில் அந்த ரைஃபிளில் சுடுவதை உடனே நிறுத்திவிடுங்கள். நீங்கள் எழுதிய இரண்டு அடையாளங்களும் தனித்தனியே சந்தேகத்துக்கு உரியவை. சேர்ந்து வந்தால் அலட்சியம் செய்யவே கூடாது.

அறையை மாற்றிய எந்தக் கன்ஸ்மித்தும் செய்ய வேண்டிய முதல் கடமை, பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய தோட்டாவின் பெயரை ஆழமாகப் பொறிப்பது. உங்கள் குழலில் அடித்த கோடு இருக்கிறது, புதிய பெயர் இல்லை. வேலை பாதியில் நின்றிருக்கலாம். பின்னால் மெருகேற்றும்போது புதிய பெயர் அழிந்திருக்கலாம். வெறும் கீறலாகவும் இருக்கலாம். ஊகித்துச் சுடுவதற்கு இது இடமில்லை.

பளபளக்கும் வளையம் இன்னும் முக்கியமான செய்தி. தோட்டா அறையில் முழுமையாக உட்கார்ந்த பின் அதன் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்குக் கறாரான அளவு உண்டு. துப்பாக்கித் தொழிலில் இதை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். .30-06-ஐப் பொறுத்தவரை, ‘கோ’ என்னும் அளவுக்கட்டைக்கும் ‘நோ-கோ’ என்னும் அளவுக்கட்டைக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.15 மி.மீ. மட்டுமே. முதல் கட்டையை வைத்தால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதை வைத்தால் மூடக் கூடாது. இடைவெளி மிகுந்தால், வெடித்த கணத்தில் கூட்டின் முன்பகுதி அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னோக்கி நகர்ந்து போல்ட்டில் முட்டும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலிகிறது. நீங்கள் வெளியே காணும் பளபளப்பு வளையம் அந்த மெலிவின் தடயமாக இருக்கக்கூடும். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேல்நோக்கித் தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இடறினால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கூடு மறுமுறை இரண்டாகப் பிளக்கும். பிளந்தால் சதுர அங்குலத்துக்குப் பல்லாயிரம் பவுண்ட் அழுத்தமுள்ள வாயு சுடுபவரின் முகம் இருக்கும் திசையில்தான் வழி தேடும்.

அறையின் உண்மையான உருவத்தை அறிய நல்ல வழி ஒன்று உண்டு. செர்ரோசேஃப் என்ற உலோகக்கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். கன்ஸ்மித் குழலை உள்ளே அடைத்துவிட்டு, அதை அறையில் ஊற்றி, இறுகியதும் வெளியே தட்டி எடுப்பார். ஆறும்போது முதலில் சற்றுச் சுருங்கும் அந்த வார்ப்பு, பிறகு மெல்ல விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வந்துவிடுகிறது. அப்போது மைக்ரோமீட்டரால் அளந்தால், அந்த அறை எந்தத் தோட்டாவுக்குக் கடையப்பட்டது என்பது வெளிச்சமாகிவிடும். அறையோடு குழலின் துளையையும் அளக்கச் சொல்லுங்கள். துளையை அளக்காமல் விட்டதால் நேர்ந்த விபரீதம் ஒன்று துப்பாக்கி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானிய 6.5 மி.மீ. அரிசாகா ரைஃபிள் ஒன்றை .30-06-க்கு மாற்ற விரும்பிய ஒருவர், அறையை மட்டும் கடைந்துவிட்டுக் குழலை அப்படியே விட்டுவிட்டார். ஏறத்தாழ 7.8 மி.மீ. குண்டு அந்தச் சிறிய துளையின் வழியே நெரிக்கப்பட்டு வெளியேறியது. உதைப்பு சற்று அதிகம் என்பதைத் தவிர அவருக்கு வேறு குறை தோன்றவில்லை. அதைக் கொண்டு வேட்டையும் ஆடியிருக்கிறார். அரிசாகாவின் ரிசீவர் அசாதாரண உறுதியுடையதாக இருந்ததால் அவர் பிழைத்தார். இதே தவறை வேறு ரைஃபிளில் செய்தவருக்கு அந்த நல்வாய்ப்பு கிடைத்திருக்காது.

ரிசீவரின் உறுதியைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு அமெரிக்காவின் 1903 ஸ்ப்ரிங்ஃபீல்ட் ரைஃபிளே சான்று. ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் 800,000-க்குக் கீழும், ராக் ஐலண்டில் 285,507-க்குக் கீழும் வரிசை எண் கொண்ட ரிசீவர்களில் சில, அதற்கென்றே உருவான .30-06 தோட்டாவிலேயே நொறுங்கின. பட்டறையில் எஃகைக் காய்ச்சும்போது வெப்பத்தைக் கண்ணின் மதிப்பீட்டால் தீர்மானித்தார்கள். மேகமூட்டமான நாளில் சரியாகத் தெரிந்த சிவப்பு, வெயில் நாளில் அதே வெப்பத்தில் மங்கலாகத் தெரிந்ததால், எஃகைத் தேவைக்கு மேல் காய்ச்சிவிட்டார்கள். அது உடையும் தன்மை பெற்றுவிட்டது. ஜூலியன் ஹாட்சர் என்ற ராணுவ அதிகாரி இந்த விபத்துகளை ஒவ்வொன்றாகத் தொகுத்து ஆராய்ந்தார். வெளித்தோற்றத்தில் அந்த ரிசீவர்களுக்கும் நல்லவற்றுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. மவுசர் 98 வடிவத்தில் சிறந்தது என்றாலும், அது பல நாடுகளில், பல தொழிற்சாலைகளில், போர்க்கால அவசரத்திலும் செய்யப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் ரிசீவரின் மீதுள்ள தொழிற்சாலை முத்திரையையும் ஆண்டையும் கன்ஸ்மித்திடம் காட்டி, போல்ட்டின் பூட்டும் முகடுகள் உட்காரும் இடம் அழுந்தியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: .280 ரெமிங்டன் ரைஃபிளை ‘ஆக்லி இம்ப்ரூவ்ட்’ அறைக்கு மாற்றினால், பழைய தோட்டாவையும் அதிலேயே சுடலாம், வேகமும் கூடும் என்கிறார்கள். இது உண்மையா? பிரிட்டனில் இதற்கு ஏதேனும் தடை உண்டா?
— வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: பி.ஓ. ஆக்லி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ட்ரினிடாட் நகரக் கல்லூரியில் துப்பாக்கித் தொழில்நுட்பம் கற்பித்தவர். கூட்டின் உடலில் உள்ள சரிவைக் குறைத்து, கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் தோள்பட்டையை 40 பாகை கோணத்துக்கு நிமிர்த்தினால், அதே நீளத்துக்குள் சற்று அதிக வெடிமருந்து கொள்ளும் என்பது அவர் பின்பற்றிய வழி. பழைய தோட்டாவை அந்த அறையில் சுட்டால், கூடு அறைச் சுவருக்கு ஏற்ப விரிந்து புதிய உருவம் பெற்றுவிடும். ஆகவே நீங்கள் கேட்டதன் முதல் பாதி உண்மைதான், ஒரே ஒரு நிபந்தனையுடன். பழைய தோட்டா அந்த அறையில் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இறுகப் பிடிபட வேண்டும். அதற்காகக் குழலை ரிசீவரிலிருந்து கழற்றி, அதன் பின்முனையைச் சிறிது கடைந்து உள்ளே தள்ளிய பிறகே புதிய ரீமரைச் செலுத்த வேண்டும். பழைய தோட்டாவுக்கான ‘கோ’ கட்டை புதிய அறைக்கு ‘நோ-கோ’ கட்டையாகிவிடுவது ஆக்லியின் மரபான அளவு. இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு ரீமரை மட்டும் செலுத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ரைஃபிளைக் கொடுத்தால், மேலே கிரைஸ்ட்சர்ச் வாசகருக்கு எழுதிய அதே பளபளப்பு வளையம்தான் உங்கள் கூடுகளிலும் தோன்றும்.

வேகத்தைப் பொறுத்தவரை பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். அழுத்தத்தை உயர்த்தாமல் கூட்டின் கொள்ளளவை மட்டும் நான்கு விழுக்காடு கூட்டினால், வேகம் ஏறக்குறைய ஒரு விழுக்காடு கூடும் என்பது தோட்டா நிரப்புவோர் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. இம்ப்ரூவ்ட் அறைகளைப் பற்றிய வியப்பூட்டும் வேக எண்கள் பலவற்றின் பின்னே, அளக்கப்படாத கூடுதல் அழுத்தமே இருந்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய மான்களைச் சுடுவதற்கு 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் கேட்பது .240 அங்குலக் காலிபரும், அதாவது துளை விட்டமும், 1,700 அடி-பவுண்ட் ஆற்றலும்தான். உங்கள் .280 ரெமிங்டன் இப்போதே அந்த அளவை வெகுதூரம் தாண்டி நிற்கிறது.

தடையைப் பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டனில் துப்பாக்கிகள் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் மிகை அழுத்தத் தோட்டாவால் சோதிக்கப்பட்டு முத்திரை பெறுகின்றன. பர்மிங்காம் சாலை 1813 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. அறையை மாற்றினால் பழைய முத்திரை செல்லாததாகிவிடும். மறுசோதனை செய்து புதிய முத்திரை பெறாத துப்பாக்கியை விற்பதோ விற்பனைக்கு வைப்பதோ குற்றம். காலிபர் உங்கள் உரிமச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருப்பதால், வேலையைத் தொடங்குமுன் காவல்துறையிடம் திருத்தமும் பெற வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய சோதனைச் சட்டம் இல்லை. ஆகவே அங்கே படித்ததை இங்கே அப்படியே பின்பற்றாதீர்கள். மறுசோதனையை ஒரு தொல்லையாகக் கருதாமல், ஏழு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக்குப் பின்னால் கன்னத்தை வைக்கப்போகும் உங்களுக்காக ஒரு நிபுணர் செய்யும் பரிசோதனையாக எண்ணுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து .315 ரைஃபிள் உரிமத்துடன் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். இதை .303-க்கோ வேறு வலுவான தோட்டாவுக்கோ மாற்றித் தர ஒருவர் தயாராக இருக்கிறார். செய்யலாமா?
— வாசகர், தேனி

பதில்: கூடாது. இந்தியாவில் துப்பாக்கியை மாற்றியமைப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி அதற்கென உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய பணி. .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ராணுவக் காலிபர் என்பதால், அந்த மாற்றத்துக்குப் பின் உங்கள் கையில் இருப்பது உரிமத்தில் எழுதியுள்ள ஆயுதமாகவே இருக்காது. குற்றம் மாற்றியவரோடு நில்லாமல் உங்களையும் சேரும். வேட்டை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டது. பயிரை அழிக்கும் விலங்கு குறித்து வனத்துறையை அணுகுவதே முறை.

ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற பிரிட்டிஷ் ஆட்சியின் கொள்கையால்தான் .315 நம் நாட்டில் பரவியது. அதன் துளை 8 மி.மீ.; .303-இன் துளை 7.7 மி.மீ. அறையைக் கடைந்தாலும் குழல் பொருந்தாது. பொறியியல் நோக்கில் பார்க்க விரும்பினால், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை செய்ததைப் பாருங்கள். 1960-களில் அங்கே .303 தோட்டாவைச் சுடும் லீ-என்ஃபீல்ட் ராணுவ ரைஃபிளை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்றதாக்க முடிவு செய்தபோது, கிடங்கில் குவிந்திருந்த .303 ரைஃபிள்களைக் கடையாமல், மேம்பட்ட எஃகில் புதிய ரிசீவர்களைச் செய்து 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களை உருவாக்கினார்கள். லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்புறத்தில் பூட்டிக்கொள்வது; .303-க்கு வகுக்கப்பட்ட அழுத்தம் 49,000 பவுண்ட், 7.62-இன் வேட்டை வடிவமான .308 வின்செஸ்டருக்கு 62,000 பவுண்ட். அரசின் ஆயுதத் தொழிற்சாலையே எஃகை மாற்றாமல் துணியாத வேலையை, கடைசல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் செய்து தருகிறேன் என்றால், அவருடைய துணிச்சலுக்கு உங்கள் குடும்பம் விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அறையை மாற்றும் இந்தப் பழக்கத்தைத் தோட்டா நிறுவனங்களே ஊக்குவித்ததாகப் படித்தேன். உண்மையா?
— வாசகர், சென்னை

பதில்: ஆம். கலிஃபோர்னியாவில் ராய் வெதர்பி தம் தொழிலைத் தொடங்கியதே பெருமளவுக்கு இப்படித்தான். ஹாலந்து அண்ட் ஹாலந்து நிறுவனம் 1925-இல் வெளியிட்ட .300 மேக்னத்தின் கூடு சரிவான தோள்பட்டை கொண்ட அழகிய கூடு. வெதர்பி 1940-களில் அதன் சரிவை நிமிர்த்திக் கொள்ளளவைக் கூட்டி, வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த ரைஃபிள்களின் அறையைத் தம் தோட்டாவுக்கு ஏற்றதாகக் கடைந்து கொடுத்தார். சுவீடனின் நோர்மா நிறுவனம் 1960-இல் .308 நோர்மா மேக்னத்தை வடிவமைத்தபோது, அமெரிக்கா எங்கும் இருந்த .30-06 ரைஃபிள்களை எளிதில் மாற்றிக்கொள்ளலாம் என்பதையே அதன் சிறப்பாக முன்வைத்தது. மூன்றாண்டுகளில் வின்செஸ்டரின் .300 வந்து சந்தையை எடுத்துக்கொண்டது. இன்று நோர்மாவின் தோட்டாவைக் கடைகளில் காண்பது அரிது. அன்று ஆசையோடு மாற்றிக்கொண்டவர்களில் பலர் பிற்காலத்தில் தோட்டா கிடைக்காமல் அலைந்தார்கள். எந்த மாற்றத்துக்கும் முன்னால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இழப்பு இன்னொரு வகையிலும் நேர்ந்தது. வின்செஸ்டர் மாடல் 70-இன் 1964-க்கு முந்தைய ரைஃபிள்களைச் சேகரிப்போர் இன்று பெரிதும் மதிக்கிறார்கள். .300 ஹாலந்து அண்ட் ஹாலந்துக்குச் செய்யப்பட்டு, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவிலேயே நிற்கும் ஒன்றை அவர்கள் விரும்பி வாங்குவார்கள். வெதர்பி அறைக்குக் கடையப்பட்ட அதே ரைஃபிளை அப்படி வாங்க மாட்டார்கள். நல்ல வேலைப்பாடுள்ள ஒரு பொருளை நொடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்துக்காக மீளாதபடி வெட்டிவிட்டார்களே என்று அத்தகைய ரைஃபிள்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் ஏற்படுகிறது.

கேள்வி: .30-06-இலிருந்து .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு மாற்றிய ரைஃபிள் என் மாமனாரிடம் இருக்கிறது. வீட்டில் பழைய .30-06 தோட்டாப் பெட்டிகளும் உள்ளன. குண்டு ஒரே அளவு என்பதால் அவற்றை அதில் சுட்டுத் தீர்த்துவிடலாமா?
— வாசகர், ஹூஸ்டன், அமெரிக்கா

பதில்: ஒரு தோட்டாகூட வேண்டாம். ஆக்லி அறையில் பழைய தோட்டாவைச் சுடலாம் என்று மேலே எழுதியதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மேக்னம் கூட்டின் அடியில் ஒரு பட்டை உண்டு. தோட்டா அறையில் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தப் பட்டையே தீர்மானிக்கிறது. .30-06-இல் பட்டை இல்லை. அதன் தோள்பட்டையும் மேக்னம் அறையின் தோள்பட்டையை எட்டாமல் ஆறு மில்லிமீட்டருக்கும் மேல் பின்தங்கிவிடும். அறைக்குள் தளர்ந்து கிடக்கும் அந்தக் கூடு, ஊசி தட்டும்போது முன்னோக்கி நழுவும். வெடித்தால் தாங்க எதுவும் இல்லாமல் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் விரிய வேண்டியிருக்கும்; பித்தளை கிழிந்து வாயு பின்னோக்கிப் பாயும்.

உங்கள் மாமனாரின் குழலில் புதிய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கன்ஸ்மித்திடம் கொடுத்துப் பொறித்து வாங்குங்கள். பழைய பெட்டிகளை அந்த ரைஃபிள் இருக்கும் அலமாரியில் வைக்காமல், .30-06 ரைஃபிளை முறைப்படி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.